புத்தகசாலைக்கு ஒரு கும்பாபிஷேகம்

பழைய கட்டிடத்தைப் புதுப்பிக்கும் கலை தமிழனுக்குப் புதிதல்ல. கோபுரத்தில் ஆலங்கன்று முளைத்து, சுதைப் பொம்மைகளுக்கு மூக்கும் விரலும் உதிர ஆரம்பித்தால், ஊர்ப் பெரியவர்கள் கூடி, தலைக்கட்டு வரி போட்டு, திருப்பணியைத் தொடங்கிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்பது வழக்கம். வேலை நடக்கிற காலத்தில் கோயிலைச் சும்மா பூட்டி வைப்பதில்லை. மூலவரின் சக்தியைக் கலசத்தில் இறக்கி, பக்கத்திலே பாலாலயம் என்று ஒரு சின்ன இடத்தில் எழுந்தருளச் செய்து, அன்றாடப் பூஜையைத் தொடர்ந்து நடத்துவார்கள். கட்டிடத்தை மூடலாம், பூஜையை மூடக் கூடாது என்பது இதன் தாத்பரியம். எங்கள் ஊத்துக்குளிக் கதித்தமலையில் சாமி கும்பிடும் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவாள்.

ஆனால் இந்தக் கலையில் நாம் ஒரு பெரிய அபசாரமும் செய்திருக்கிறோம். கல்லில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் போக்குவதற்காக, இயந்திரத்தினால் மணலை வீசி அடித்துச் சுவர்களைத் துலக்கினோம். கல் பளபளவென்று ஆயிற்று. அதில் இருந்த கல்வெட்டு எழுத்துக்களோ மழுங்கிப் போயின. நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று தொண்ணூற்றாறு ஆடுகளை விட்டுப் போன ஒரு சோழ காலத்துப் பெண்மணியின் பெயர், ஆயிரம் வருஷ மழைக்கும் வெயிலுக்கும் தப்பியிருந்து, கடைசியில் நமது பக்தியின் கையால் அழிந்தது என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் பல கோயில்களில் நடந்தது.

ஆகவே, புதுப்பிக்கிறவனுக்கு முன்னால் எப்போதும் இரண்டு கேள்விகள் உண்டு. பூஜை நிற்காமல் இருக்க வேண்டும்; கல்வெட்டும் அழியாமல் இருக்க வேண்டும். கோயிலுக்கே இது சிரமம். எரிக்கப்பட்ட ஒரு புத்தகசாலைக்கு எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். நான் சொல்ல வந்தது யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்தைப் பற்றி.

ஊத்துக்குளிக்காரனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வெண்ணெய் விஷயமாக எழுதினால் நம்பலாம். புத்தகசாலை விஷயமாக எழுத இவன் யார்? சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

1933-ஆம் வருஷம் யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா என்று ஒருவர் இருந்தார். நீதிமன்றத்தில் உத்தியோகம். பெரிய ஜமீன்தார் அல்ல; லட்சாதிபதி அல்ல. தம்மிடம் இருந்த புத்தகங்களைத் தம் வீட்டிலேயே வைத்து, கேட்டவர்களுக்கு இலவசமாகப் படிக்கக் கொடுக்க ஆரம்பித்தார். கடன் கொடுத்த புத்தகம் திரும்பி வராது என்பது உலகம் அறிந்த உண்மை. அதை மீறி ஒரு மனிதர் இப்படிச் செய்தார் என்றால், அவர் புத்தகத்தைக் காட்டிலும் மனிதர்களிடத்தில் அதிக நம்பிக்கை வைத்தவராக இருக்க வேண்டும்.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. அடுத்த வருஷமே ஊர்ப் பிரமுகர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். 1934 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் நூல் நிலையம் திறக்கப்பட்டது. அன்று அதில் இருந்த புத்தகங்கள் 844. இந்த எண்ணிக்கையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1935 ஜனவரி முதல் தேதி அதை நகரசபை ஏற்றுக்கொண்டது. ஒரு வீட்டுத் திண்ணையில் தொடங்கியது ஊர்ச் சொத்தாக ஆவதற்கு ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. சர்க்கார் உத்தரவு போட்டு வந்த நூலகம் அல்ல அது; ஜனங்கள் செய்து சர்க்காரிடம் ஒப்படைத்த நூலகம். பின்னால் நடந்ததை எல்லாம் புரிந்துகொள்வதற்கு இந்த ஒரு விஷயம் தெரிந்திருப்பது மிகவும் அவசியம்.

1949-ல் யாழ்ப்பாணம் மாநகரசபை ஆயிற்று. முதல் மேயர் சாம் சபாபதி. வாடகைக் கட்டிடத்தில் புத்தகங்கள் நெரிந்துகொண்டிருந்தன. நல்ல கட்டிடம் ஒன்று வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வந்தது, பணம்தான் வரவில்லை. அப்போது முன்னுக்கு வந்தவர்களில் ஒருவர் சம்பத்திரிசியார் கல்லூரியின் தலைவராக இருந்த லோங் பாதிரியார். அயர்லாந்துக்காரர். கத்தோலிக்கத் துறவி. சரஸ்வதி சிலை முன்னால் வீற்றிருக்கப் போகிற ஒரு கட்டிடத்துக்காக இந்தப் பாதிரியார் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. களியாட்ட விழா நடத்தினார்கள், கலை நிகழ்ச்சிகள் வைத்தார்கள், கையேந்தினார்கள். இன்றும் அந்த நூலகத்தில் அவருக்குச் சிலை உண்டு.

கட்டிடத்தை எப்படி அமைப்பது? இங்கேதான் நமது சென்னை ராஜதானி கதைக்குள் வருகிறது. படம் போடுவதற்குத் திராவிடச் சிற்ப மரபு அறிந்த நரசிம்மன் என்ற கட்டிடக் கலைஞர் சென்னையிலிருந்து போனார். உள்ளே நூலகம் எப்படி நடக்க வேண்டும் என்று ஆலோசனை சொல்ல, சீ. இரா. ரங்கநாதனை நாடினார்கள்.

ரங்கநாதனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1892-ல் சீகாழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகர் ஆனார். ஆரம்பத்தில் அந்த உத்தியோகம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத இடமாக அவருக்குத் தோன்றியது. பயிற்சிக்காக லண்டனுக்குப் போய் வந்த பிறகு ஆளே மாறிவிட்டார். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து ஒரு புத்தகம் எழுதினார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, எடுத்துப் படிப்பதற்கே என்பது முதல் விதியின் சாரம். நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது ஐந்தாவதின் சாரம். அதே 1931-ல்தான் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகும் நடமாடும் நூலகமும் கிளம்பிற்று. வண்டி மாடு புத்தகம் சுமந்தது. படித்தவர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள்.

எல்லா ஜனங்களுக்கும் நூலகம் வேண்டுமென்றால் தர்மத்தை நம்பிப் பயனில்லை, சட்டம் வேண்டும் என்பது ரங்கநாதனுடைய கொள்கை. வருஷக்கணக்காக அவர் எழுதி வைத்திருந்த மசோதாவுக்கு விமோசனம் 1948-ல்தான் கிடைத்தது. அந்த வருஷம் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதலாவது. அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் யார்? தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், பிறந்த ஊர் திருப்பூர். ஊத்துக்குளியில் ரயிலேறினால், டிக்கெட்டுக்குப் போக மிச்சச் சில்லறையை எண்ணி மடியில் கட்டுவதற்குள் வந்துவிடும் திருப்பூர்! அந்தச் சட்டத்தின்படிதான் ஊத்துக்குளியில் வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் அதோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகை சேர்த்துக் கட்டுகிறோம். பலர் ரசீதில் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை; பார்த்தவர்களில் சிலர் முணுமுணுப்பதும் உண்டு. நான் அதைச் சந்தோஷமாகவே கட்டி வருகிறேன். உள்ளூர்க் கிளை நூலகத்தில் நான் படித்துத் தள்ளியவற்றுக்கு அந்தத் தொகை வட்டிக்குக்கூடக் காணாது.

யாழ்ப்பாணத்தாருடன் எனக்கு உள்ள சம்பந்தம் இதுதான். ஒரே மனிதரின் யோசனை இங்கே சட்டமாயிற்று, அங்கே கட்டிடமாயிற்று.

1954 மார்ச் 29-ல் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். 1959 அக்டோபர் 11-ல் அப்போதைய மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். முற்றவெளிக்குப் பக்கத்தில், பழைய டச்சுக் கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில், வெள்ளை வெளேரென்று, நடுவில் குவிமாடத்தோடு நின்றது அந்தக் கட்டிடம். முன்னால் வெண்ணிறத்தில் கலைமகள். அதைப் பார்த்தவர்கள் அரண்மனை என்றார்கள். ஆனால் அரண்மனையில் யார் வேண்டுமானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார முடியாது, இங்கே முடிந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள் பத்திரிகையை விளம்பரம் உட்பட வாசித்தார்கள். 1967-ல் சிறுவர் பகுதி வந்தது. புதிய புத்தகங்கள் மட்டுமல்ல. பழைய குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பரணில் இருந்த ஏடுகளையும், கையெழுத்துப் பிரதிகளையும், பழைய பத்திரிகைத் தொகுதிகளையும் கொண்டுவந்து கொடுத்தன. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் நூல் தொகுதி ஒன்று அங்கே இருந்தது. வீட்டில் வைத்தால் செல்லரிக்கும், நூலகத்தில் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்று நம்பித்தானே கொடுத்திருப்பார்கள்? 844 என்று தொடங்கியது, 1981-ல் ஏறக்குறைய 97,000 ஆகியிருந்தது.

1981 ஜூன் 4-ல் மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல் வருவதாக இருந்தது. மே 31-ஆம் தேதி தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டம் ஒன்றில் போலீஸ்காரர்கள் சுடப்பட்டார்கள். அன்று இரவே போலீசாரும் துணைப்படையினரும் தெருவில் இறங்கினார்கள். கடைகள் எரிந்தன, கூட்டணியின் காரியாலயம் எரிந்தது, யாழ்ப்பாணம் பாராளுமன்ற உறுப்பினரின் வீடு எரிந்தது, 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகம் எரிந்தது. அந்த வெறியாட்டத்தினிடையில் நூலகத்துக்கும் தீ வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த காமினி திசநாயக்க, சிறில் மத்தியூ என்ற இரண்டு மந்திரிகள் அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார்கள். பல மொழிகள் கற்ற தாவீது அடிகள், சம்பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து நூலகம் எரிவதைப் பார்த்து, அந்த அதிர்ச்சியிலேயே விழுந்து இறந்துபோனார். நான் நாவல் எழுதுகிறவன். இப்படி ஒரு சம்பவத்தைக் கதையில் எழுதினால் மிகைப்படுத்திவிட்டான் என்று நீங்களே சொல்வீர்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு சிறு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 'யாழ்ப்பாண வைபவமாலை' என்ற பழைய சரித்திர நூலின் ஒரே பிரதி அந்த நெருப்பில் போய்விட்டது என்று பலர் எழுதுகிறார்கள். டச்சுக்காரர் ஆண்ட 18-ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய நூல் அது. பழைய பிரதி ஒன்று எரிந்திருக்கலாம், நூல் எரியவில்லை. 1879-லேயே பிரிட்டோ என்பவர் அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்து வெளியிட்டுவிட்டார். தமிழ் மூலமும் அச்சாகி, 1949-ல் குல சபாநாதன் பதிப்பாகவும் வந்திருந்தது. நூறு வீடுகளில் நூறு பிரதி இருந்தால் எந்த நெருப்பும் எல்லாவற்றையும் எட்டாது. நிஜமான நஷ்டம் அச்சேறாதவைதான். பெயரே தெரியாத வைத்தியர்களின் குறிப்புகள், நாட்டுக்கூத்துப் புலவர்களின் கையெழுத்துக்கள், பரணிலிருந்து வந்த ஏடுகள். புகழ் பெற்ற புத்தகத்துக்காக உலகம் அழுதது. புகழ் பெறாதவற்றின் பெயரைச் சொல்லி அழக்கூட ஆள் இல்லை.

யாழ்ப்பாணத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு வருஷம் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1982-ல் நூலக வாரம் என்று வைத்து, வீடு வீடாகப் புத்தகம் திரட்டினார்கள். ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. செல்லப்பாவின் காரியம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது! கட்டிடத்தின் பகுதிகளையும் செப்பனிட்டார்கள். 1983 ஜூலையில் நாடே பற்றி எரிந்தபோதும் வேலை அடியோடு நின்றுவிடவில்லை. 1984-ல் வாசகர்கள் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தார்கள். என் கண்ணுக்கு அதுதான் பாலாலயம்.

ஆனால் கோட்டை பக்கத்தில் இருந்தது. கோட்டைக்குள் ராணுவம், வெளியே போராளிகள், நடுவில் நூலகம். 1985-ல் போலீஸ் நிலையம் ஒன்று தாக்கப்பட்டதற்குப் பின், சிப்பாய்கள் கட்டிடத்துக்குள் புகுந்து வெடி வைத்தார்கள். திரட்டிய புத்தகங்கள் மறுபடி நாசமாயின. இம்முறை பூட்டியது பூட்டியதுதான். பல வருஷ காலம் அது கூரை இல்லாமல், குண்டு துளைத்த சுவர்களோடு, கரி பிடித்து நின்றது. படம் பிடிக்க வருகிறவர்களுக்கு மட்டும் பயன்பட்டது.

1998-ல் சந்திரிகா குமாரதுங்க ஜனாதிபதியாக இருந்தபோது, இதைத் திரும்பக் கட்டுவது என்று இலங்கை அரசாங்கம் தீர்மானித்தது. வெண்தாமரை இயக்கம் என்று ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்கள். அதன் சார்பில் தெற்கே சிங்கள மக்களிடம் போய், ஆளுக்கு ஒரு செங்கல், ஒரு புத்தகம் கொடுங்கள் என்று கேட்டார்கள். கொடுத்தார்கள். வெளிநாடுகளும் கொடுத்தன. ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் செலவாயிற்று. 25,000-க்கு மேல் புத்தகங்கள் சேர்ந்தன.

இதே சமயத்தில் யுத்தமும் நடந்துகொண்டிருந்தது. ஒரு கையால் செங்கல், மறு கையால் ஷெல். சமாதானம் செய்கிறோம் என்று உலகத்துக்குக் காட்டத்தான் இந்தத் திருப்பணி என்று யாழ்ப்பாணத்தில் பேசிக்கொண்டார்கள் என்றால், அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? அதே வேளையில், காலி ஜில்லாவிலோ குருநாகலிலோ தன் வீட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்த பள்ளிக்கூடத்துப் பெண்ணின் மனசு கபடம் என்று சொல்லவும் எனக்கு நாக்கு வரவில்லை. சர்க்காரின் எண்ணம் வேறு. செங்கல் கொடுத்தவள் எண்ணம் வேறு. இரண்டும் ஒரே சுவரில் கலந்துவிட்டன.

விவாதம் கிளம்பிற்று. எரிந்த கட்டிடத்தை எரிந்தபடியே நினைவுச் சின்னமாக விட்டுவிட்டு, நூலகத்தை வேறிடத்தில் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஒரு கட்சி. அதே இடத்தில், அதே உருவத்தில், பழைய படி எழுப்ப வேண்டும் என்று மற்றொரு கட்சி. இரண்டு கட்சியிலும் நல்லவர்கள் இருந்தார்கள் என்பதுதான் இதில் கஷ்டம்.

எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் முதல் கட்சி. "எரிஞ்சதை எரிஞ்ச மாதிரியேதானுங்க உட்டிருக்கோணும். வெள்ளையடிச்சுப் போட்டா, நாளைக்கு இங்கென்ன நடந்துச்சுன்னு கேட்டா ஒண்ணும் நடக்கலீன்னு சொல்லிப் போடுவானுங்களே!" என்றார்.

"சரிங்க வாத்தியார் ஐயா, அந்தக் கரிச் சுவத்துக்குள்ளே பையன் எங்கே உக்காந்து படிப்பான்?" என்று கேட்டேன்.

"அதுக்கு வேற கட்டிக்கட்டுமுங்க" என்றார், கொஞ்சமும் அசையாமல்.

அவர் சொல்வதில் உள்ள நியாயம் பெரியது. கரிந்த சுவரும் ஒரு கல்வெட்டுத்தான். மணல் வீசித் துலக்கிய கோயில் சுவரைப் போல, பளிச்சென்ற வெள்ளைச் சுண்ணமும் ஒரு சாட்சியத்தை விழுங்கிவிடும். எரித்தவனுக்கு அதைவிடச் சௌகரியம் வேறு உண்டா? ஒருவரும் தண்டிக்கப்படாத குற்றத்தில், சுவர்தான் மிச்சமிருந்த ஒரே சாட்சி.

இந்தச் சங்கடம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் வந்ததல்ல. பெல்ஜியத்தில் லூவேன் என்ற ஊர். 1914 ஆகஸ்ட் 25 இரவு ஜெர்மன் ராணுவம் அங்கிருந்த சர்வகலாசாலைப் புத்தகசாலையை எரித்தது. மூன்று லட்சம் புத்தகம் போயிற்று. யுத்தம் முடிந்ததும் அமெரிக்கர்கள் பணம் திரட்டிப் புதிய கட்டிடம் கட்டித் தந்தார்கள். கட்டிய சிற்பி வாரன் என்ற அமெரிக்கர். முகப்புக் கைப்பிடிச் சுவரில், ஜெர்மானிய வெறியால் அழிந்தது, அமெரிக்கக் கொடையால் எழுந்தது என்ற பொருளில் லத்தீனில் ஒரு வரி பொறிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். சர்வகலாசாலைத் தலைவர் மறுத்துவிட்டார். நாளைக்கு ஜெர்மனியிலிருந்தும் மாணவர்கள் வருவார்கள், கல்விக்கூடத்தின் நெற்றியில் பகையை எழுதி வைக்கக் கூடாது என்பது அவர் பக்கம். ஊர் இரண்டுபட்டது; கோர்ட்டுக்குப் போனார்கள்; வைத்த கைப்பிடிச் சுவரை ஒருவர் சம்மட்டியால் உடைத்தார். 1928-ல் கட்டிடம் திறந்தபோது அந்த வரி இல்லை. பெருந்தன்மைக்குக் கிடைத்த பலனைக் கேளுங்கள்: 1940 மே மாதம் மறுபடி ஜெர்மன் படை வந்தது, மறுபடி நூலகம் எரிந்தது. இந்தத் தடவை ஒன்பது லட்சம் புத்தகம். எழுதியிருந்தால் எரிந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. பீரங்கிக்கு லத்தீன் தெரியாது.

பாஸ்னியாவில் சராயேவோ நகரத்தில் வேறு விதம். 1992-ல், வினோதமாக அதே ஆகஸ்ட் 25 இரவு, சுற்றியிருந்த மலைகளிலிருந்து செர்பியப் படைகள் குண்டு வீசி அந்நாட்டுத் தேசிய நூலகத்தை எரித்தன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் நாசம். கட்டிடத்தை ஒவ்வொரு தூணாக, ஒவ்வொரு வண்ணமாகப் பழைய படங்களைப் பார்த்து மீட்டு, 2014-ல் திறந்தார்கள். வாசலில் யார் எரித்தார்கள் என்று பெயர் சொல்லிக் கல் பதித்தார்கள். கல்வெட்டு இருக்கிறது. ஆனால் கட்டிடம் நகர மண்டபமாகிவிட்டது. விழாக்கள் நடக்கின்றன, கண்காட்சி நடக்கிறது; தேசிய நூலகமோ வேறிடத்தில் குடியிருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம். கோயில் திருப்பணி பிரமாதம். மூலவரை மட்டும் பாலாலயத்திலேயே விட்டுவிட்டார்கள்.

இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துத்தான் நான் யாழ்ப்பாணத்தில் இரண்டாவது கட்சி ஆனேன். நினைவுச் சின்னமாக விட்ட கட்டிடத்தைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு நாள் மாலையோடு வருவார்கள். நூலகத்துக்குத் தினமும் வருவார்கள். 1959-லிருந்து அந்த மேஜையில் உட்கார்ந்த பையன்களுடைய பேரப்பிள்ளைகள் அதே மேஜை இருந்த இடத்தில் உட்காருவதைத் தடுப்பது, எரித்தவனுக்கு நாம் செய்யும் கூடுதல் உபகாரம் அல்லவா? அவன் வேண்டியதும் அதுதானே: தமிழன் அங்கே உட்கார்ந்து படிக்கக் கூடாது! ஒரே ஒரு சுவரையாவது, ஒரே ஒரு ஜன்னலையாவது கரியோடும் குண்டுத் துளையோடும் கண்ணாடி போட்டுக் காப்பாற்றியிருக்கலாம் என்ற என் ஆதங்கம் அப்படியே இருக்கிறது. வாத்தியார் ஐயாவுக்கு அந்த ஒரு சுவரை நான் விட்டுக்கொடுக்கத் தயார். இன்றைய முகப்பிலே ஒரு தழும்பு இல்லை.

கட்டிடம் 2001-ல் தயார். பழைய உருவம், பழைய குவிமாடம், பழைய வெள்ளை. உள்ளே புதிய மின்சார வசதி, புதிய அலமாரிகள். கணினிகளும் வந்து சேர்ந்தன. மாநகரசபை 2003 பிப்ரவரியில் திறப்பு விழாவுக்கு ஏற்பாடு செய்தது. தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் ஆனந்தசங்கரி திறந்து வைப்பதாக இருந்தது. விடுதலைப் புலிகள் எதிர்த்தார்கள். நடத்தக் கூடாது என்று நெருக்குதல் வந்தது. மேயர் செல்லன் கந்தையனும் சபை அங்கத்தினர் அத்தனை பேரும், மொத்தம் 23 பேர், ராஜினாமா செய்தார்கள். மேயர் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவருடைய பெயர் திறப்பு விழாக் கல்லில் இருப்பது சிலருக்குப் பொறுக்கவில்லை என்ற பேச்சும் அப்போதே எழுந்தது. மறுத்தவர்களும் உண்டு. புத்தகசாலையை எரித்தவர்களைப் பற்றிப் பேசும்போது நமக்கு வருகிற ஆவேசம், இந்தப் பேச்சு வரும்போது கொஞ்சம் தணிந்துவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

கடைசியில், மாலையும் மேளமும் இல்லாமல், வாசகர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். கும்பாபிஷேகம் இல்லாமல் நடை திறந்த கோயில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

2009-ல் யுத்தம் முடிந்து தெற்கிலிருந்து பாதை திறந்த பிறகு, சிங்கள யாத்திரிகர்கள் பஸ் பஸ்ஸாக வந்து அந்தக் கட்டிடத்தைப் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அங்கே நடந்தது தெரியும் என்பதற்குச் சுவர் பதில் சொல்லாது. பிரதம மந்திரியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க, 2016 டிசம்பரில், தம் கட்சி ஆட்சியில் நடந்த அந்தக் காரியத்துக்காகப் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

இதற்கிடையில், 2005-ல் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் சிலர் இன்னொரு திருப்பணியை ஆரம்பித்திருந்தார்கள். அதற்கும் 'நூலகம்' என்றே பெயர். ஈழத்துப் புத்தகங்களையும், பழைய பத்திரிகைகளையும், கல்யாண மலர், நினைவு மலர் முதற்கொண்டு கைக்குக் கிடைத்த அச்சுத் தாள்களையும் பக்கம் பக்கமாக நிழற்படம் பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள். இன்றும் ஏற்றி வருகிறார்கள். சம்பளம் வாங்காமல் உழைத்தவர்களே அநேகம். கட்டிடம் கிடையாது, ஆகையால் குவிமாடமும் கிடையாது, அதைக் குறி வைக்கக் கோட்டையும் கிடையாது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கலாம். சென்ற மாதம் மழை பெய்த ஓர் இரவில், ஊத்துக்குளியில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, மயில்வாகனப் புலவரின் வைபவமாலையை அதில்தான் படித்தேன். மின்சாரம் போன பிறகும் கைபேசியில் சார்ஜ் இருந்தது.